முகமூடிப் பிள்ளைக்குக் காய்ச்சல்

சுனாமி அலை வந்து மூன்றாவது வாரம் எங்கள் முகாமுக்கு ஒரு லொறி நிறையப் பெட்டிகள் வந்தன. முகாம் என்றால் நாவற்குடாவில் ஒரு பள்ளிக்கூடம். எங்களுக்கும் இன்னும் எட்டுக் குடும்பங்களுக்கும் மூன்றாம் வகுப்பு அறை. கரும்பலகையில் ஏழாம் வாய்ப்பாடு அழியாமல் கிடந்தது. முதல் பெட்டியை உடைத்தால் முழங்கால் வரை தொங்கும் கம்பளிக் கோட்டுகள். இரண்டாவதில் நீச்சலுடைகள். கடல் வந்து வீட்டைக் கொண்டுபோனவர்களுக்கு நீச்சலுடை அனுப்பியவர் நல்ல மனிதராகத்தான் இருப்பார். ஆனால் அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தில் அவர் கையில் கிடைத்திருந்தால், அதையே போடவைத்து வாவியை ஒரு சுற்று நடத்தியிருப்பேன். மூன்றாவது பெட்டிக்குள் படக்கதைப் புத்தகங்கள் இருந்தன.

பதினொரு புத்தகங்கள், ஒன்றிலிருந்து பதினொன்று வரை ஒரே வரிசை. அட்டையில் ஒரே மாதிரி இறுக்கமான உடுப்புப் போட்ட ஐந்து பேர் நின்றார்கள். எல்லோருக்கும் என் வயதுதான் இருக்கும், எனக்கு அப்போது பதினைந்து. ஒருத்தன் கல்லாக மாறுகிறவன், ஒருத்தி பறக்கிறவள், ஒருத்தன் ஓடினால் கோடு மட்டும் தெரிகிறவன், ஒருத்தி கையில் நெருப்பு வைத்திருக்கிறவள். ஐந்தாவது ஆளுக்கு முகம் முழுவதும் கறுப்பு முகமூடி, அவனுக்கு என்ன சக்தி என்று படத்தில் விளங்கவில்லை. அந்த வீரர் கூட்டம் எப்படிச் சேர்ந்தது, முதல் இரண்டு மூன்று வருடம் என்னென்ன செய்தது என்பதுதான் கதை. அதுவரை விளங்கியது. மொழிதான் விளங்கவில்லை. இங்கிலீஷ் இல்லை, சிங்களம் இல்லை. ஒவ்வொரு சொல்லிலும் எழுத்துகள் சோடி சோடியாக நின்றன.

டவுனில் இருந்து தேவாலயத்து இளைஞர்களோடு சாப்பாட்டுப் பார்சல் கொடுக்க வருகிற ஒரு பையன் இருந்தான். எப்போதோ வந்த வெள்ளைக்காரரின் வழிவந்த பறங்கியர் வீட்டுப் பிள்ளை, என்னைவிட ஒரு வயது மூப்பு. புத்தகத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, "இது ஒல்லாந்து பாஷை" என்றான். "எங்கட பூட்டன்ட பாஷை. எனக்கு வாசிக்க ஏலும்."

முழு வகுப்பறையும் நம்பியது. பூட்டன் பேசியது பூட்டப்பிள்ளைக்கு வராமல் எங்கே போகும் என்று ஒரு கிழவர் வேறு சாட்சி சொன்னார். அவர்கள் வீட்டில் கொஞ்சம் போர்த்துக்கீசப் பேச்சு இருந்தது. அதிலும் இவனுக்கு வந்தது ஏச்சுகளும் கலியாணப் பாட்டும் மட்டும்தான் என்று எனக்குப் பிறகு தெரியவந்தது. ஆனால் முதல் பக்கத்திலேயே நான் ஆளைப் பிடித்துவிட்டேன். எழுத்தைப் பார்க்காமல் அடுத்த படத்தை எட்டிப் பார்த்துவிட்டு அல்லவா மொழிபெயர்க்கிறான்! நான் வாயைத் திறக்கவில்லை. எனக்கும் கதை வேண்டியிருந்தது.

அவன் சொல்வான், நான் எழுதுவேன். பேச்சுக் குமிழின் அளவுக்கு வெள்ளைத் தாளை வெட்டி, அதில் தமிழில் எழுதி, மேலே ஒட்டிவிடுவோம். பசைக்கு, ஓட்டமாவடிக் கடைக்காரர்கள் முகாமுக்குக் கொடுத்த கோதுமை மாவில் ஒரு பிடி எடுத்துக் காய்ச்சினோம். தாளுக்குப் பஞ்சமே இல்லை. நாளுக்கு ஒரு அமைப்பு வந்து நாளுக்கு ஒரு படிவம் கொடுத்தது, அதன் பின்பக்கம் வெறுமையாகக் கிடந்தது. வெளிச்சத்தில் பிடித்தால் குமிழுக்குப் பின்னால் 'குடும்பத்தில் காணாமல் போனோர்' என்ற வரி மங்கலாகத் தெரியும். நாங்கள் வெளிச்சத்தில் பிடிப்பதில்லை.

இப்போது பெரியம்மாவைச் சொல்லவேண்டும். என் அம்மா அந்த நேரம் குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்துகொண்டிருந்தார். என்னை வளர்த்தவர் அம்மாவின் அக்கா. எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான் எழுதப்படும். அதனால் அக்கா வீடும் தங்கச்சி வீடும் ஒரே வளவுக்குள் முதுகோடு முதுகு ஒட்டி நின்றன. கடலுக்கும் வாவிக்கும் நடுவில் இருந்த அந்த இரண்டையும் அலை எடுத்துக்கொண்டு, பெரியம்மாவின் கக்கூஸ் சுவர் ஒன்றை மட்டும் விட்டுவைத்தது. நாங்கள் அன்று வேறு ஊரில் ஒரு செத்தவீட்டின் எட்டாம் நாள் செலவுக்குப் போயிருந்தோம். செத்துப்போன ஒருவர்தான் எங்களைக் காப்பாற்றினார்.

பெரியம்மாவுக்கு ஒரே மகன், எனக்கு அண்ணன். அலைக்கு ஐந்து மாதம் முன்னால் டியூசனுக்குப் போனான். சைக்கிள் மட்டும் திரும்பி வந்தது, யாரோ வேலியில் சாத்திவிட்டுப் போயிருந்தார்கள். அவனுக்குப் பதினாறு வயது. அந்தக் காலத்தில் இயக்கத்துக்காரர்கள் சண்டைக்குப் பிள்ளைகளை அப்படித்தான் எடுத்தார்கள், வீட்டுக்கு ஒன்று. பெரியம்மா அவனுடைய படத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு ஏறாத வாசல் இல்லை. அலைக்குப் பிறகு அவருக்கு இன்னொரு பயமும் சேர்ந்தது. பிள்ளை தப்பி வந்தால் வீடு இருந்த இடத்துக்குத்தானே வருவான்? வந்து பார்த்துவிட்டு, நாங்களும் போய்விட்டோம் என்று திரும்பிவிட்டால்? ஒரு கரித்துண்டை எடுத்துக்கொண்டு போய் அந்தக் கக்கூஸ் சுவரில் எழுதிவிட்டு வந்தார்: 'மகன், நாங்க நாவற்குடாப் பள்ளிக்கூடத்தில. மூன்றாம் வகுப்பு.'

முதல் புத்தகம் ஒட்டி முடிந்ததும் பின்னேரம் வாகை மரத்தடியில் வைத்து எல்லோருக்கும் வாசித்தேன். முதல் படத்தில் ஒரு பையன் சன்னலோரம் நிற்கிறான். இரண்டாவதில் ஒரு வெள்ளை வாகனம் வந்து நிற்கிறது. மூன்றாவதில் நரைத் தாடியும் கறுப்புக் கண்ணாடியுமாக ஒரு நெட்டை மனிதர் இறங்குகிறார். நாங்கள் அவருக்கு எழுதியிருந்த வசனம், "தம்பி, உனக்குள்ளே ஒரு பெரும் சக்தி இருக்கிறது. உலகம் உன்னை அழைக்கிறது, வா."

"வெள்ளை வான்" என்றார் பெரியம்மா. பிள்ளை பிடிக்கிறவர்கள் எங்கள் ஊருக்குள் வந்ததும் அதில்தான்.

பெண்கள் எல்லோரும் நெருங்கி வந்தார்கள். அடுத்த படத்தில் இரும்புக் கேற்றும் பெரிய கட்டிடமும். அதற்கடுத்ததில் ஐந்து பேரும் உடுப்பு மாற்றி வரிசையில் நிற்கிறார்கள். பிறகு கயிற்றில் ஏறுகிறார்கள், நெருப்புக்கு மேலால் பாய்கிறார்கள், தாடிக்காரர் கையில் மணிக்கூட்டோடு பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

"ஆரு பெத்த புள்ளயள்கா இது?" என்றார் பெரியம்மா.

"இல்ல பெரியம்மா, இவங்களுக்குச் சக்தி இருக்கு. இவன் கல்லா மாறுவான். இவள் பறப்பாள்."

"சக்தி இருக்கிறதுகளத்தான் முதல்ல பிடிப்பானுகள். நோஞ்சானப் பிடிச்சு என்னத்தச் செய்யுற?"

என் கையில் இருந்த புத்தகத்தைப் பறித்தார். மற்றப் பத்தையும் கொண்டுவரச் சொன்னார். நாக்கில் விரலைத் தொட்டுத் தொட்டு ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். பதினொன்றும் முடிந்தபின் நிமிர்ந்து எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார்.

"இவ்வளவு புத்தகத்திலயும் ஒரு தாய் இல்லயே. இதுகள்ற தாய்மார் எங்க?"

எனக்கு அதுவரை அது கண்ணில் படவே இல்லை. பிறகு நானும் தேடினேன். உண்மை. பூதங்கள் வந்தன, விண்கலங்கள் வந்தன, தலையில் கொம்புள்ள ராசா ஒருவர் வந்தார், ஒரு தாய் வரவில்லை. ஒரு நேரச் சாப்பாடும் இல்லை. ஐந்து வளர்ந்த பிள்ளைகள் பதினொரு புத்தகத்துக்கும் பட்டினி.

"நீங்க ரெண்டு பேரும் எழுதுறவங்கதானே" என்றார் பெரியம்மா. "இதுகள வீட்ட அனுப்புங்க."

"அன்ரி, அப்பிடி மாத்தி எழுத ஒண்ணா" என்றான் பறங்கிப் பையன், மிகவும் கண்டிப்பாக. "உள்ளத உள்ளபடிதான் மொழிபெயர்க்கணும்."

அதைக் கேட்டு எனக்கு வந்த சிரிப்பை அடக்க நான் வாளியை எடுத்துக்கொண்டு தண்ணீர்த் தாங்கிப் பக்கம் போய்விட்டேன்.

அன்றிலிருந்து முகாமின் தாய்மார்தான் எங்களுக்கு ஆசிரியர் குழு. முதல் கட்டளை, பிள்ளைகள் வீட்டுக்குக் கடிதம் போடவேண்டும். கடிதம் போட எங்கே இடம்? குமிழ்தான் இருக்கிறது. ஆகவே இரண்டாம் புத்தகத்தில் கல்லுப் பையன் ஒரு பூதத்தின் தாடையில் குத்துகிறான், குத்திக்கொண்டே, "அம்மா, நான் சுகம். நீங்கள் சுகமா? இங்கே நல்ல மழை" என்கிறான். நெருப்புக்காரி ஒரு பாலத்தை எரிக்கும்போது, "அம்மாவின் முட்டு வருத்தம் எப்படி? மருந்தை விடவேண்டாம்" என்கிறாள். பூதத்தின் வாயிலும் ஒரு குமிழ் இருந்தது. அதற்கு என்ன எழுதுவது என்று தெரியாமல் விழித்தோம். "அதுவும் ஒரு தாய்க்குப் பிறந்ததுதானே" என்று ஒருவர் சொன்னதால், பூதமும் வீட்டாரை விசாரித்தது.

மூன்றாம் புத்தகத்தில் கடலுக்குள்ளிருந்து ஒரு பெரிய ஊதாக் கணவாய்மீன் எழும்பி நகரத்தை அழிக்கும். அதை விரித்தவுடன் ஒருவர் எழுந்து போய்விட்டார். இன்னொருவர் அழுதார். நான் புத்தகத்தை மூடிவிட்டேன். "கடல இதுக்குள்ள கொண்டரவேண்டாம்" என்று பெரியம்மா சொல்லிவிட்டார். இரண்டு நாள் இருந்து பறங்கிப் பையன் கடல் முழுவதற்கும் பச்சை நிறம் பூசினான். கடலை வயல்வட்டை ஆக்கினோம். கண்ணுக்கெட்டிய தூரம் வயல், நடுவில் கணவாய். வேளாண்மை செய்து பழகிய ஒரு அம்மா அதைக் கூர்ந்து பார்த்துவிட்டு, கதிர் வெளிவராத குடலைப் பருவத்தில் இப்படி ஒரு பூச்சி வருவதுதான், மருந்தெண்ணெய் அடிக்கச் சுணங்கிவிட்டார்கள் என்றார். அதற்குப்பிறகு ஒருவருக்கும் பயம் இல்லை.

அடுத்தது விடுவிக்கிற வேலை. அதில் தாய்மாருக்கு இருந்த அனுபவம் எந்தப் படக்கதைக்காரருக்கும் இருந்திருக்காது. பறக்கிறவளுக்குக் கலியாணம் கட்டிவைப்பது என்று முடிவானது. கழுத்தில் தாலி இருந்தால் விட்டுவிடுவார்கள் என்ற நம்பிக்கையில் எங்கள் ஊரில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கே அப்படி நடந்திருந்தது. கலியாணம் என்றால் வீடு வேண்டும். வீடு எங்கே? அந்த இரும்புக் கேற்றுக் கட்டிடம்தான். ஐவரில் மூத்த பெண்பிள்ளை அவள், வீடு அவளுக்குத்தானே வரவேண்டும்? ஆக வீரர் கூட்டத்தின் தலைமையகம் பறக்கிறவளுக்குச் சீதனமாக எழுதப்பட்டது. தாடிக்காரரே தன் வாயால் எழுதிக் கொடுத்தார். ஓட்டக்காரனைப் பற்றிப் பெரியம்மாவுக்கு ஒரே எரிச்சல்.

"ஓடத் தெரிஞ்சவன் என்னத்துக்கு நிக்கான்? ஓட வேண்டியதுதானே!"

ஏழாம் புத்தகத்தில் அவன் ஒரு மணல்வெளியில் ஓடுகிற படம் இருந்தது. அதைக் கட்டார் நாடாக்கி, வேலைக்குப் போய்விட்டான் என்று எழுதினோம். கல்லுப் பையனுக்குப் பிறப்புச் சான்றிதழ் எடுத்து வயது போதாது என்று காட்டினோம். நெருப்புக்காரியை ஒரு கன்னியர் மடத்து விடுதியில் சேர்த்தோம். எல்லாம் சரி, ஆனால் படம் எங்கள் சொல் கேட்கவில்லை. எட்டாம் புத்தகத்தை விரித்தால் ஐந்து பேரும் பழையபடி ஒன்றாக நிற்கிறார்கள். "பாக்க வந்திருக்காங்க" என்று சமாளித்தோம். ஒன்பதிலும் பார்க்க வந்தார்கள். பத்தில், அவள் வீடுதானே, வந்தால் என்ன என்று தாய்மாரே விட்டுவிட்டார்கள்.

ஐந்தாவது ஆள், முகமூடி. அவன் விஷயத்தில் யாரும் வாய் திறக்க முடியாது. அவன் எதைத் தூக்கினாலும் இடது கையால்தான் தூக்குவான். அண்ணனும் இடது கைக்காரன். முதல் நாளே பெரியம்மா அதைக் கண்டுவிட்டார் என்று நினைக்கிறேன், ஆனால் நாலாம் புத்தகம் வரை சொல்லவில்லை. ஒரு நாள் என் பக்கத்தில் குந்தியிருந்து முகமூடியின் கையில் விரலை வைத்தார்.

"இவனுக்குக் கலியாணமும் வேண்டாம், கட்டாரும் வேண்டாம். நேரா வீட்ட வரட்டும்."

நான் சரி என்று தலையாட்டினேன். ஆனால் பதினொரு புத்தகத்திலும் அவன் வீட்டுக்கு வருகிற படம் ஒன்றுகூட இல்லை. ஒவ்வொரு புத்தகம் முடியும்போதும் பெரியம்மா கேட்பார், ஏன் இன்னும் வரவில்லை என்று. வருகிறான், வழியில் நிற்கிறான் என்று நானும் எழுதிக்கொண்டே இருந்தேன்.

இதற்கிடையில் ஆள் எடுக்கிறவர்களில் ஒருவன் முகாமுக்கே வந்தான். அவர்கள் அப்போது இரண்டாகப் பிரிந்திருந்தார்கள், இரண்டு பக்கமும் பிள்ளைகளைத்தான் தேடியது. வந்தவனுக்குப் பதினெட்டு வயதுக்கு மேல் இருக்காது. இடுப்பில் துவக்கு, கையில் பெயர்ப் பட்டியல். என்னைப் பெரியம்மா கம்பளிக் கோட்டுக் குவியலுக்குள் தள்ளி மேலே உட்கார்ந்துகொண்டார். அந்தக் கோட்டுகளால் நடந்த ஒரே நன்மை அதுதான். அவன் சுற்றிப் பார்த்தான், புத்தகத்தைக் கண்டான், எடுத்தான். நின்றபடி வாசித்தான். பிறகு கதிரையில் இருந்து வாசித்தான். நான் வியர்வையில் வெந்துகொண்டிருக்க அவன் நாலு புத்தகம் முடித்தான்.

"இவன் எப்பிடி வீட்டுக்குக் கடிதம் போடுறான்?" என்று கேட்டான். "எங்களுக்கு எழுத விடமாட்டாங்களே."

பெரியம்மா உட்கார்ந்த இடத்தில் இருந்தே பைக்குள் கை விட்டு அண்ணனின் படத்தை நீட்டினார். அவன் நிறைய நேரம் பார்த்தான்.

"இவர வடக்க அனுப்பிட்டாங்க அம்மா. அலைக்கு முந்தியே."

"சாப்பிடுறானா?"

அவன் பட்டியலை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தான். ஐந்தாம் புத்தகத்தை இடுப்பில் செருகிக்கொண்டு, வாசித்துவிட்டுத் தருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனான். அந்தப் புத்தகம் இன்றுவரை வரவில்லை.

அடுத்த வருடம் நாங்கள் தகரக் கொட்டில்களுக்கு மாறினோம். பெரியம்மா சுவருக்குப் போய்ப் பழைய முகவரியை வெட்டிவிட்டுப் புதியதை எழுதினார். அந்த நேரம் வாகரையில் சண்டை தொடங்கி அந்தப் பக்கத்து ஆட்கள் எல்லாம் ஓடி வந்தார்கள். காடு வெட்டிச் சேனைப் பயிர் செய்த ஒரு அம்மா எங்கள் பக்கத்துக் கொட்டிலுக்கு வந்தார். அவருடைய மகளையும் எடுத்திருந்தார்கள். புத்தகத்தைக் கொடுத்தோம். இரண்டாம் நாள் கோபத்தோடு வந்து நின்றார். பறக்கிறவளின் இரட்டைப் பின்னலைக் காட்டி, "இது என்ட மகள். என்னக் கேக்காம ஆருகா கலியாணம் கட்டி வச்ச?" என்றார்.

பெரியம்மா அவருக்குப் பாய் விரித்துக் கொடுத்து, மாப்பிள்ளை நல்ல இடம், குடிப்பழக்கம் இல்லை, பெரிய வீடு என்று ஒரு மணித்தியாலம் சமாதானம் சொன்னார். அந்த அம்மா கடைசியில் தேத்தண்ணீர் குடித்தார்.

பதினோராம் புத்தகத்தை நாங்கள் ஒட்டாமலே வைத்திருந்தோம். காரணம் கடைசிப் பக்கம். முழுப்பக்கப் படம். முகமூடி நிலத்தில் மல்லாந்து கிடக்கிறான். மற்ற நாலு பேரும் சுற்றி முழங்காலில் இருக்கிறார்கள். தாடிக்காரர் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். ஒரே ஒரு குமிழ், பறக்கிறவளின் வாயில், மிகச் சிறியது. அதற்குள் ஒரே ஒரு சொல்.

"நித்திரை எண்டு எழுதுவம்" என்றான் பறங்கிப் பையன். அவன் குடும்பம் அவுஸ்திரேலியாவுக்குப் போக நாள் குறித்திருந்தது, போகுமுன் வேலையை முடிக்க நினைத்தான். 'நித்திரை' என்று எழுதி ஒட்டிக்கொண்டு போனோம். பெரியம்மா பார்த்தார்.

"பட்டப்பகல்ல ஆரு இப்பிடி நடு ரோட்டில நித்திரை கொள்ளுவான்?"

"களைப்பு அன்ரி."

"களைச்சுப் படுத்தவனச் சுத்தி இருந்து ஆரு அழுவாங்க?"

பெரியம்மா புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டார். எனக்கு அந்தப் புத்தகத்தை எழுதியவனைத் தேடிப் போய் நாலு அறை கொடுக்கவேண்டும் போல் இருந்தது. பெரியம்மா தன் புறங்கையைப் படத்தில் இருந்த முகமூடியின் நெற்றியில் வைத்தார்.

"காய்ச்சல்" என்றார். "நல்லாக் காயுது. புள்ள, எழுது. காய்ச்சல், குளிசை குடுத்தாச்சு, ரெண்டு நாளில விட்டிரும் எண்டு எழுது."

அந்தச் சின்னக் குமிழுக்குள் அவ்வளவும் அடங்காது. தாளைப் பெரிதாக வெட்டினேன். அது தாடிக்காரரின் முகத்தையும் மறைத்தது. நல்லது என்று விட்டுவிட்டேன்.

பறங்கிப் பையன் போனான். நாங்கள் தகரக் கொட்டிலில் இருந்து வீட்டுத் திட்டத்துக்குப் போனோம், பெரியம்மா சுவருக்குப் போனார். நான் வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்துக்கு எடுபட்டேன். வடக்கில் கடைசிச் சண்டை நடந்தது. ரேடியோவைப் பெரியம்மா போடவும் மாட்டார், மற்றவர்கள் போட்டால் நிறுத்தவும் சொல்லமாட்டார். அந்த மாதங்களைப் பற்றி எனக்கு வேடிக்கையாகச் சொல்ல ஒன்றுமில்லை.

அந்த நேரத்தில்தான் ஒருநாள் அவுஸ்திரேலியாவில் இருந்து தொலைபேசி வந்தது.

"அந்தப் புத்தகம் இஞ்ச இங்கிலீசில இருக்கு" என்றான் அவன். "முழுக்க வாசிச்சிட்டன். அது ஒல்லாந்து பாஷையே இல்ல, பின்லாந்தாம்."

"உனக்கு ஒல்லாந்தும் தெரியாது எண்டு எனக்கு அப்பவே தெரியும்" என்றேன்.

அவன் சிரிக்கவில்லை. "கடைசியில அவன் சாகுறான். ஆனா நீ பயப்படாத. ரெண்டு வருசத்தால திரும்ப வந்திட்டான். இந்தக் கதையள்ல செத்த எல்லாரும் திரும்ப வருவாங்க, அதுதான் வழக்கமாம்."

"இஞ்ச அந்த வழக்கம் இல்ல" என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டேன். பாவம், அவன் ஆறுதல் சொல்லத்தான் எடுத்தவன். பெரியம்மா யார் பேசியது என்று கேட்டார். தவறான இலக்கம் என்றேன்.

சண்டை முடிந்து ஒரு வருடத்துக்கு மேல் அண்ணனின் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை. இறந்தவர் பட்டியலில் இல்லை, பிடிபட்டவர் பட்டியலில் இல்லை. பிறகு ஒருநாள் எங்கள் கிராம அதிகாரி விதானையார் ஒரு கடிதத்தோடு வந்தார். பெயரை யாரோ பிழையாகப் பதிந்ததால் ஆள் இவ்வளவு காலம் வேறொருவனாக இருந்திருக்கிறான். பொலன்னறுவைப் பக்கத்துத் தடுப்பு முகாமில் இருக்கிறான், வெள்ளிக்கிழமை வந்து கூட்டிப்போகவும் என்று எழுதியிருந்தது.

பெரியம்மா வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸில் போனார். பிட்டும் மீன் பொரியலும் கட்டிக்கொண்டு போனார். என்னை வீட்டுக்குக் காவல் வைத்தார், நானும் விரிவுரைக்குப் போகாமல் நின்றேன். பத்து மணிக்கு வாசலில் ஒருவன் நின்றான். மெலிந்து, கறுத்து, கையில் ஒரு பொலித்தீன் பை. பை இருந்தது இடது கையில்.

முகாமில் வியாழக்கிழமையே விட்டுவிட்டார்களாம். யாரும் கூட்டிப்போக வராததால் அங்கேயே ஒரு கோயிலில் படுத்திருந்து, காலையில் பஸ் ஏறியிருக்கிறான். ஓட்டமாவடிக்கு அந்தப் பக்கமோ இந்தப் பக்கமோ தாயின் பஸ்ஸும் மகனின் பஸ்ஸும் ஒன்றையொன்று விலத்திப் போயிருக்கும். ஆறு வருடம் தேடிய பிள்ளை வீட்டு வாசலில் நிற்கிறான், தாய் அவனைத் தேடிப் போய்விட்டார். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்து விக்கல் எடுத்தது.

"வீடு எப்பிடித் தெரியும்?" என்று கேட்டேன்.

"சுவரைப் பாத்தன்" என்றான். "ரெண்டு விலாசம் வெட்டிக் கிடந்திச்சி. மூணாவதுக்கு வந்தன். நான் போட்ட கடிதம் ஒண்டும் வரல்லயா?"

முகாமில் இருந்து அவன் மாதம் ஒரு கடிதம் போட்டிருக்கிறான், எல்லாம் பழைய வீட்டு விலாசத்துக்கு. இல்லாத வீட்டுக்கு எந்தத் தபால்காரர் கொண்டுபோவார்? எங்கே போய்ச் சேர்ந்தனவோ தெரியாது.

தேத்தண்ணீர் கொடுத்தேன். சோறு கொடுத்தேன். பெரியம்மா வர எப்படியும் மாலையாகும். நான் பெட்டியைத் திறந்து பத்துப் புத்தகங்களையும் அவன் முன்னால் வைத்தேன். வாசித்தான். கல்லுப் பையன் பூதத்தைக் குத்திக்கொண்டே மழை பெய்வதைச் சொல்லுமிடத்தில் சிரித்தான். போனபோது இருந்த அதே சிரிப்பு. பிறகு சிரிக்காமல் வாசித்தான். இடையில் ஒருமுறை, "இது ஆரு, இந்த முகமூடி?" என்று கேட்டான்.

"பெரியம்மாட்டக் கேள்" என்றேன்.

கடைசிப் பக்கத்தை நிறைய நேரம் வைத்திருந்தான். பெரிதாக ஒட்டிய அந்தத் தாளின் ஓரத்தை நகத்தால் தடவினான், ஆனால் கிளப்பவில்லை. புத்தகத்தை மூடி மற்றவற்றோடு ஒழுங்காக அடுக்கினான்.

வாகரை அம்மாவும் அன்று வந்து வேலியோரம் நின்று அவனைப் பார்த்துவிட்டுப் போனார். அவருடைய மகள் வரவில்லை. இன்றைக்கும் வரவில்லை. வருடத்தில் ஒரு தடவை வந்து, பறக்கிறவள் அதிகம் வருகிற ஏழாம் எட்டாம் புத்தகங்களை வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டுத் தருவார்.

பொழுது சாய்கிற நேரம் கேற்றடியில் பெரியம்மாவின் குரல் கேட்டது. உள்ளே வருமுன்னே ஏச்சு வந்தது. ஆளை அனுப்பிவிட்டோம் என்று அந்த அலுவலகத்தில் சிரித்துக்கொண்டே சொன்னார்களாம், வியாழனுக்கும் வெள்ளிக்கும் வித்தியாசம் தெரியாதவனை எல்லாம் கதிரையில் இருத்தியிருக்கிறார்களாம், பிட்டும் பழுதாகிவிட்டதாம். ஏசிக்கொண்டே செருப்பைக் கழற்றினார். நிமிர்ந்தார். அண்ணன் எழுந்து நின்றான்.

நான் எத்தனையோ விதமாக நினைத்து வைத்திருந்தேன். கத்துவார், விழுவார், கட்டிப்பிடிப்பார் என்று. பெரியம்மா ஒன்றும் செய்யவில்லை. பையைத் தொப்பென்று நிலத்தில் வைத்தார். நடந்து வந்தார். கையை உயர்த்திப் புறங்கையை அவன் நெற்றியில் வைத்தார். அவன் நல்ல உயரம் வளர்ந்திருந்தான், கொஞ்சம் குனிய வேண்டியிருந்தது.

"காய்ச்சல் விட்டுட்டா மனே?"

அண்ணன் என்னைப் பார்த்தான். அடுக்கி வைத்த புத்தகங்களைப் பார்த்தான்.

"ஓம் அம்மா" என்றான். "விட்டுட்டு."

பெரியம்மா நம்பவில்லை. குளிசை எடுத்துவரச் சொல்லி என்னை ஏவினார். நான் இரண்டு குளிசையும் தண்ணீரும் கொண்டு வரும்வரைக்கும் கையை நெற்றியில் இருந்து எடுக்கவே இல்லை.